பத்து நாள் முன்னாடியே ஓட்டுப் போடுறாங்களே, ஏன்?



இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். "சீக்கிரமா ஓட்டுப் போடுறது"ன்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணுது? நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். காலை ஏழு மணிக்கு பூத் திறக்கும்போதே வரிசையில் முதல் பத்துப் பேரில் ஒருத்தரா நிக்கிறது. வெயில் ஏறுறதுக்குள்ள போட்டுட்டு, விரல் மையை ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டு, வீட்டுக்கு வந்து டிஃபன் சாப்பிடுறது.

ஆனா பல நாடுகளில் இதுக்கு அர்த்தமே வேற. தேர்தல் நாளுக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம், அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஒரு மாதத்துக்கும் மேல முன்னாடியே போய் ஓட்டைப் போட்டுட்டு வந்துடலாம். அதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச் சான்றிதழ் வேண்டாம், மேலதிகாரி கையெழுத்து வேண்டாம்.

எத்தனை பேர் அப்படிப் போடுறாங்க? 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறக்குறைய 16 கோடி. அதில் 10 கோடிக்கும் மேற்பட்டவை தேர்தல் நாளுக்கு முன்பே பதிவானவை. அது கொரோனா காலம், கூட்டத்துக்குப் பயந்து போட்டாங்கன்னு சொல்லலாம். சரி, 2024-ல் கொரோனா பயம் கிடையாது. அப்பவும் 8 கோடிக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே வாக்களித்தார்கள்.

ஏன்? வெறும் ஆர்வமா? கடைசி வாரத்தில் என்ன நடக்கும்னு தெரியாமலே எப்படி ஒருத்தர் முடிவெடுத்துடுறார்? அதில் ஏதாவது நஷ்டம் இருக்கா? இன்னிக்கு எபிசோட் இதைப் பத்தித்தான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென் கொரியா மூணையும் பார்த்துட்டு, கடைசியில் நம்ம ஊருக்கு வருவோம். ஏன்னா இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல, ஏன் செவ்வாய்க்கிழமை?

அமெரிக்காவில் தேர்தல் எப்பவும் நவம்பர் மாதம், முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. இதை முடிவு பண்ணியது 1845-ல் போட்ட ஒரு சட்டம். அன்றைக்கு அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் விவசாயிகள். நவம்பர்னா அறுவடை முடிஞ்சிருக்கும், கடும் குளிர் இன்னும் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். புதன்கிழமை பல ஊர்களில் சந்தை. குதிரை வண்டி கட்டிக்கிட்டு திங்கட்கிழமை கிளம்பினால் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டுட்டுத் திரும்பிடலாம்.

அன்றைய வாக்காளருக்கு அது பொருத்தமான நாள்தான். ஆனா அன்றைக்கு வாக்காளர்னா யார்? பெரும்பாலும் வெள்ளை இன ஆண்கள். வீட்டில் சமைக்கிறவங்களையும் வயலில் அடிமையா வேலை செஞ்சவங்களையும் கேட்டு யாரும் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னிக்கும் அதே செவ்வாய்தான். நாடு முழுவதற்குமான விடுமுறை கிடையாது. சில மாநிலங்கள் மட்டும் லீவு விடுகின்றன. அலுவலகம் உண்டு, தொழிற்சாலை உண்டு, பீட்சா டெலிவரி உண்டு. ஓட்டும் அன்றைக்கேதான். இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் முன்கூட்டியே வாக்களிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன.

முதல் பெரிய படி, உள்நாட்டுப் போர்க்காலம். 1864-ல் லிங்கன் மறுபடியும் போட்டியிட்ட தேர்தலில், போர்முனையில் இருந்த சிப்பாய்கள் அங்கிருந்தே வாக்களிக்கப் பல மாநிலங்கள் வழி செய்தன. அதற்குப் பிறகு நீண்ட காலம், ஊரில் இல்லாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டுமே இந்தச் சலுகை இருந்தது. 1978-ல் கலிஃபோர்னியா, காரணம் எதுவும் சொல்லாமலே தபால் ஓட்டுக் கேட்கலாம் என்றது. 1980-களின் இறுதியில் டெக்சாஸ், யார் வேண்டுமானாலும் நேரில் வந்து முன்கூட்டியே போடலாம் என்று வாக்குச்சாவடிகளைத் திறந்தது. ஆரிகன் மாநிலத்தில் 1998-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, தேர்தல் முழுவதையும் தபாலுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆக, இரண்டு வகை. ஒன்று, வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்புவது. இன்னொன்று, தேர்தல் நாளுக்கு முன்பே திறந்திருக்கும் சாவடிக்கு நேரில் போய்ப் போடுவது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். "முன்னாடியே போட்டா, யார் ஜெயிக்கிறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடாதா?" தெரியாது. வாக்குச்சாவடிகள் மூடும் வரை எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று வெளியிட மாட்டார்கள். யார் வந்து போட்டார்கள் என்பது பதிவில் இருக்கும். யாருக்குப் போட்டார்கள் என்பது இருக்காது.

நாள் உன் கையில் இருக்கா?

இப்போ காரணங்களுக்கு வருவோம். என் சித்தி பொண்ணு, எனக்கு அக்கா முறை, டெக்சாஸில் நர்ஸாக இருக்காங்க. குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுறாங்க. அவங்ககிட்ட இதைக் கேட்டேன். "ஏன்க்கா, தேர்தல் நாளன்னிக்குப் போட்டா என்ன?"

அவங்க சொன்ன பதில்: "எனக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். காலைல ஆறே முக்காலுக்கு உள்ளே போனா, ராத்திரி ஏழே காலுக்குத்தான் வெளியே வருவேன். பூத் திறந்திருக்கிறது ஏழுல இருந்து ஏழு. நீயே கணக்குப் போட்டுக்கோ."

"ஓட்டுப் போட நேரம் கொடுக்கணும்னு சட்டம் இருக்குல்ல?" என்றேன்.

"சட்டம் இருக்கு. என் வார்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்க யார் இருக்கா?"

டெக்சாஸில் 2024 தேர்தலுக்கு முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 21-ல் தொடங்கி நவம்பர் 1 வரை நடந்தது. அந்த நாட்களில் மாவட்டத்துக்குள் எந்த முன்கூட்டிய சாவடிக்கும் போகலாம். தன் ஏரியா பூத்துக்குத்தான் போகணும்னு கட்டாயம் இல்லை. அக்கா தனக்கு வீக் ஆஃப் கிடைத்த ஒரு நாள், பையனை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ, அங்கேயே இருந்த சாவடியில் போட்டுட்டு வந்தாங்க. மொத்தம் இருபது நிமிஷம்.

இதை ஆர்வம்னும் சொல்ல முடியாது, அலட்சியம்னும் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை அவங்க கையில் இல்லை, அவ்வளவுதான். முன்கூட்டியே ஓட்டுப் போடுறதைப் பத்தி நான் படிச்சதில் எல்லாம் திரும்பத் திரும்ப வர்ற விஷயம் இதுதான். ஒரு நாளை நாம நினைச்சபடி செலவழிக்கிற வசதி எல்லாருக்கும் சமமா இல்லை. சம்பளத்தோட லீவு எடுக்கிறவங்க இருக்காங்க. மணிக்கணக்கில் கூலி வாங்குறவங்க இருக்காங்க. குழந்தையை யார்கிட்டயாவது விட்டுட்டு வரணும்னா அதுக்கே காசு கொடுக்கிறவங்களும் இருக்காங்க.

வரிசையும் எல்லாருக்கும் ஒரே நீளம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், 2016 தேர்தல் நாளன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட்ஃபோன்களின் இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஃபோன் வாக்குச்சாவடிக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்ற கணக்கு. முழுக்கக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருப்பவர்கள், வெள்ளையர்கள் மட்டுமே வாழும் பகுதிகளில் இருப்பவர்களைவிட 29 சதவீதம் அதிக நேரம் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஓட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்குக் கொடுக்கிற நேரம் ஒண்ணு இல்லை.

ஃப்ளோரிடா கதையைச் சொல்றேன். அங்கே கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும், பஸ்ஸிலும் வேனிலும் ஏறி எல்லாரும் சேர்ந்து போய் ஓட்டுப் போடுவார்கள். "சோல்ஸ் டு த போல்ஸ்" என்று பெயர். வண்டி இல்லாத பாட்டிக்கும் வண்டி கிடைத்துவிடும். 2011-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டிய வாக்குப்பதிவு 14 நாளிலிருந்து 8 நாளாகக் குறைந்தது. தேர்தலுக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனது.

2012-ல் என்ன ஆனது? பல மணி நேர வரிசைகள். டெஸிலின் விக்டர் என்ற 102 வயது மூதாட்டி, ஹைட்டியில் பிறந்து அமெரிக்கக் குடிமகள் ஆனவர், நார்த் மயாமியில் வாக்களிக்கப் போனார். ஆறு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். அவர் விடவில்லை, போட்டார். அடுத்த ஆண்டு அதிபர் ஒபாமா நாடாளுமன்ற உரையில் அவரைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்துக் குறிப்பிட்டார். அவையே எழுந்து நின்றது. அதற்குப் பிறகு ஃப்ளோரிடா சட்டத்தை மாற்றி, 14 நாள் வரை நடத்த மறுபடியும் அனுமதித்தது. ஒபாமா அமைத்த இரு கட்சி ஆணையம் 2014-ல் கொடுத்த அறிக்கை, எந்த வாக்காளரும் 30 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்றது.

அந்தப் பாட்டிக்குக் கை தட்டுறது சரிதான். ஆனா 102 வயசுல ஒருத்தர் வீராங்கனை ஆனால்தான் ஓட்டுப் போட முடியும்னா, தப்பு ஏற்பாட்டில் இருக்கு.

லீவு விட்டால் போதுமா?

"அப்போ தேர்தல் நாளுக்கு லீவு விட்டுட்டா பிரச்சினை தீர்ந்ததுல்ல?" என்று கேட்கலாம். அதுக்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கணும்.

அங்கே தேர்தல் எப்பவும் சனிக்கிழமை. 1924 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். காரணமில்லாமல் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். வாக்குச்சாவடியாக இருக்கும் பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்பார்கள், அந்தப் பள்ளிக்கே நிதி சேரும். அதற்கு "ஜனநாயக சாசேஜ்" என்றே பெயர். தேர்தல் அங்கே ஒரு சின்னத் திருவிழா மாதிரி.

அப்படியிருந்தும் 2022 தேர்தலில் ஏறக்குறையப் பாதிப் பேர் சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. முன்கூட்டிய மையங்களிலோ தபாலிலோ போட்டுவிட்டார்கள். சட்டப்படி அங்கே காரணம் வேண்டும். பயணம், வேலை, உடல்நலம் இப்படி. ஆனால் சான்று கேட்பதில்லை.

ஏன்னா சனிக்கிழமை எல்லாருக்கும் லீவு இல்லை. கடையில், ஹோட்டலில், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வார இறுதிதான் உச்ச நேரம். மத்தவங்களுக்கு லீவு விடும்போதுதான் அவங்களுக்கு வேலை அதிகம். எந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்தாலும் அது யாரோ ஒருத்தருக்கு ஒத்துவராது. அதனாலதான் பலருக்குத் தேவைப்படுறது ஒரு லீவு நாள் இல்லை. பல நாட்களில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற உரிமை.

மாற்று நாள் என்ற பாதுகாப்பு

இரண்டாவது காரணம், பயம். நல்ல அர்த்தத்தில்தான் சொல்றேன். தேர்தல் நாளன்று காய்ச்சல் வரலாம், கார் மக்கர் பண்ணலாம், பெயர் பட்டியலில் இல்லை என்று சொல்லலாம், அடையாள அட்டையில் எழுத்துப் பிழை இருக்கலாம். ஒரே ஒரு நாள்தான்னா, அன்றைக்குச் சிக்கல் வந்தால் அவ்வளவுதான், அடுத்த தேர்தல் வரை காத்திருக்கணும். பத்து நாள் முன்னாடி போய்ச் சிக்கல் வந்தால், சரி செஞ்சுட்டு நாளைக்குத் திரும்ப வரலாம். தபால் ஓட்டில் கையெழுத்து ஒத்துப்போகலைன்னா, பல மாநிலங்களில் வாக்காளருக்குத் தகவல் சொல்லித் திருத்த அவகாசம் கொடுக்கிறார்கள். ஆனால் கடைசி நேரத்தில் அனுப்பினால் அந்த அவகாசம் இருக்காது.

ரயில் டிக்கெட்டை முன்னாடியே புக் பண்ணுறோமே, அதே மனநிலைதான்.

மூன்றாவது காரணம் ரொம்ப எளிமையானது. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. இருபது வருஷமா ஒரே கட்சிக்குப் போடுறவருக்கு, கடைசி வாரத்து மேடைப் பேச்சு எதை மாத்தப் போகுது? அவருக்குக் காத்திருப்பதில் லாபமே இல்லை. முன்கூட்டியே போடுறவர்களில் உறுதியான கட்சி ஆதரவாளர்கள் அதிகம் என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஊசலாடுகிறவர்கள்தான் கடைசி வரை காத்திருக்கிறார்கள்.

இதோட ஒரு வேடிக்கையான லாபமும் உண்டு. யார் ஓட்டுப் போட்டாச்சு என்ற பட்டியல் கட்சிகளுக்குக் கிடைக்கும். நீங்க போட்டாச்சுன்னு தெரிஞ்சதும் உங்களுக்கு ஃபோன் அடிக்கிறதையும் மெசேஜ் அனுப்புறதையும் பெரும்பாலும் நிறுத்திடுவாங்க. அந்தக் காசை இன்னும் போடாதவர்கள் மேல செலவழிப்பாங்க. நிம்மதிக்காகவே சீக்கிரம் போடுறவங்க உண்டு.

அதனால கட்சிகளே இதைத் தூண்டுகின்றன. 2012-ல் ஒபாமா, தேர்தலுக்கு 12 நாள் முன்பே சிகாகோ போய் வாக்களித்தார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் இப்படி நேரில் முன்கூட்டியே போட்டது அதுவே முதல் முறை. 2020-ல் டிரம்ப் தபால் ஓட்டை மோசடிக்கு வழி என்று திரும்பத் திரும்பத் தாக்கினார். அவருடைய ஆதரவாளர்கள் தபாலைத் தவிர்த்தார்கள். ஃப்ளோரிடா மாதிரி மாநிலங்களில் அதுவரை தபால் ஓட்டை நன்றாகப் பயன்படுத்தி வந்ததே அவருடைய கட்சியின் வயதான வாக்காளர்கள்தான். 2024-க்கு முன்னால் அதே கட்சி "உங்கள் ஓட்டை வங்கியில் போட்டு வையுங்கள்" என்ற பொருளில் பிரசாரம் செய்து, முன்கூட்டியே போடச் சொன்னது. சட்டம் அனுமதித்தாலும், தலைவர் சொல்லும் ஒரு வார்த்தை மக்கள் எப்போது போடுகிறார்கள் என்பதை மாற்றிவிடுகிறது.

இதுக்கு ஒரு விலை இருக்கு

இதுவரை நல்லதையே சொன்னேன். இப்போ மறுபக்கம்.

2017 மே மாதம், மான்டானா மாநிலத்தில் ஓர் இடைத்தேர்தல். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மாலை, குடியரசுக் கட்சி வேட்பாளர் கிரெக் ஜியன்ஃபோர்டேவிடம் கார்டியன் பத்திரிகை நிருபர் ஒருவர் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு கேள்வி கேட்டார். வேட்பாளர் அவரைப் பிடித்துத் தரையில் தள்ளினார். அங்கேயே இருந்த வேறொரு டிவி சேனல்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அவர் மீது வழக்குப் பதிவானது. உள்ளூர்ப் பத்திரிகைகள் அவருக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்றன. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் அதற்கு முன்பே தபாலில் போய்விட்டன என்று மதிப்பிட்டார்கள். அவர் ஜெயித்தார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்கூட்டிய வாக்கு இல்லாவிட்டால் தோற்றிருப்பாரா? சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படிச்சுட்டு "ஐயோ, போட்டுட்டேனே"ன்னு நினைச்சவருக்கு வேற வழி இல்லை.

இன்னொரு உதாரணம். 2020 மார்ச் 3, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரே நாளில் பல மாநிலங்களில் வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு நாள் முன்பு பீட் பூட்டஜெஜ் விலகினார். முந்தைய நாள் ஏமி க்ளோபுச்சர் விலகினார். அதற்குள் அவர்களுக்குப் போட்டு முடித்திருந்தவர்களின் ஓட்டு, களத்திலேயே இல்லாதவருக்குப் போட்ட ஓட்டாகிவிட்டது.

போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க பெரும்பாலான இடங்களில் முடியாது. அதனால முன்கூட்டியே வாக்களிக்கிறவர் ஒரு கணக்குப் போடுகிறார். கடைசி வாரத்தில் ஏதாவது தெரியவந்து என் மனசு மாறுமா, இல்லை கடைசி நாளில் ஏதாவது நடந்து என்னால போகவே முடியாமல் போகுமா? எது எனக்குப் பெரிய ஆபத்து? நர்ஸ் அக்காவுக்கு இரண்டாவதுதான். இன்னும் முடிவெடுக்காத ஒரு கல்லூரி மாணவருக்கு முதலாவதாக இருக்கலாம். ரெண்டுமே நியாயமான பதில்தான்.

இன்னொரு உண்மையையும் சொல்லிடணும். முன்கூட்டிய வாக்குப்பதிவு வந்தால் ஓட்டுப் போடுறவங்க எண்ணிக்கை தானாகக் கூடும்னு நாம நினைப்போம். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு வேற மாதிரி சொன்னது. முன்கூட்டிய வாக்குப்பதிவு மட்டும் தனியாக இருந்தால் வாக்குப்பதிவு சற்றுக் குறையவே செய்கிறது என்றது அது. காரணமாக அவர்கள் சொன்னது, தேர்தல் நாளுக்குன்னு இருந்த பரபரப்பு பல நாட்களில் கரைஞ்சு போயிடுது என்பது. பக்கத்து வீட்டுக்காரர் போறதைப் பார்த்து நாமும் கிளம்புவோமே, அந்த உந்துதல் குறைகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவது, ஓட்டுப் போட வரும் அன்றைக்கே பெயர் சேர்த்துக்கொள்ளும் வசதிதான் என்றார்கள். ஏற்கெனவே போடக்கூடியவருக்கு வழி எளிதாகிறது. போடாதவரை இழுத்து வர அது மட்டும் போதாது.

சரி, நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. ராணுவத்தினர், தேர்தல் பணியில் இருப்பவர்கள் போன்றோருக்குத் தபால் ஓட்டு. 2024 மக்களவைத் தேர்தலில், 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க நாடு முழுவதும் வழி செய்தார்கள். அதிகாரிகள் குழு வீட்டுக்கே வரும். யாருக்குப் போடுகிறார் என்பது தெரியாமல் ஒரு மறைவு ஏற்பாடு, நடந்ததற்கு வீடியோ பதிவு. மற்ற எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே பூத்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. 2024-ல் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. கடைசிக் கட்டம் நடந்தது ஜூன் 1. நாம் எல்லாருமே 43 நாள் முன்னாடி ஓட்டுப் போட்டவங்கதான்! அதற்குப் பிறகு ஆறு வாரம் பிரசாரம் ஓடியது. எத்தனையோ பேச்சு, வாக்குறுதி, சர்ச்சை. எல்லாத்தையும் டிவியில் பார்த்தோம். விரல் மை அதற்குள் மங்கிப்போச்சு. அமெரிக்க வாக்காளர் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற விலையை, நாம தேர்ந்தெடுக்காமலே கொடுத்தோம். ஆனா அதற்கு ஈடா அவருக்குக் கிடைக்கிற வசதி நமக்குக் கிடைக்கலை.

நம் ஓட்டுகள் ஜூன் 4 வரை 46 நாட்கள் பூட்டிய அறையில் காவலோடு இருந்தன. அதனால "ஓட்டைப் பத்து நாள் பாதுகாப்பா வச்சிருக்க முடியுமா?" என்ற கேள்வி நமக்குப் புதுசு இல்லை.

இங்கே யாருக்கு இது தேவை? இதைக் கேட்கிற பலருக்கு. சென்னையில், பெங்களூரில் வேலை. ஓட்டு சொந்த ஊரில். தேர்தல் நாளுக்குச் சம்பளத்தோட விடுமுறை கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. ஆனா அந்த ஒரு நாளில் தென்காசி போய்ட்டுத் திரும்பணும்னா ரெண்டு ராத்திரி பஸ். சிறப்புப் பேருந்து விட்டாலும் கூட்டத்தில் நின்னுட்டே போறவங்க எத்தனை பேர். ஓட்டை நகரத்துக்கு மாத்திக்கலாம்தான். ஆனா வருஷா வருஷம் வாடகை வீடு மாறுறவங்களும் கட்டட வேலைக்காக ஊர் ஊராகப் போறவங்களும் எத்தனை முறை மாத்துவாங்க?

தென் கொரியா இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. தேர்தலுக்குச் சில நாள் முன்னாடி, ரெண்டு நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவு. நாட்டின் எந்த முன்கூட்டிய சாவடிக்கும் அடையாள அட்டையோடு போகலாம். உங்க சொந்தத் தொகுதியின் வாக்குச்சீட்டை அங்கேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். புசான்காரர் சோலில் போடலாம். 2022 அதிபர் தேர்தலில் மொத்த வாக்காளர்களில் 36.93 சதவீதம் பேர் இப்படிப் போட்டார்கள்.

நம் தேர்தல் ஆணையமும் 2022 டிசம்பரில், புலம்பெயர்ந்தவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க ஓர் இயந்திர மாதிரியை அறிவித்தது. ஒரே பூத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றது. அது முன்கூட்டிய வாக்கு இல்லை, தொலைவிலிருந்து போடும் வாக்கு. ஆனா தீர்க்க நினைச்ச பிரச்சினை இதேதான். 2019-ல் 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை என்பதை ஆணையமே சுட்டிக்காட்டியது. எதிர்க்கட்சிகள் பல கேள்விகள் எழுப்பின. வெளி மாநிலத்து பூத்தில் எங்கள் முகவர் யார்? புலம்பெயர்ந்தவர் என்பவர் யார்? நியாயமான கேள்விகள். திட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

என் கருத்தைச் சொல்றேன். ஆரிகன் மாதிரி எல்லாருக்கும் வீட்டுக்கே வாக்குச்சீட்டு அனுப்புறது இங்கே வேண்டாம். ஓட்டுக்குப் பணம் கொடுத்ததற்காக ஆர்.கே. நகரிலும் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்த மாநிலம் இது. வாக்குச்சீட்டு வீட்டு மேஜைக்கு வந்தால், பணம் கொடுத்தவர் "காட்டு"ன்னு கேட்பார். அப்பா கேட்பார், கணவர் கேட்பார். ஒரு பெண் தன் இஷ்டப்படி முடிவெடுக்கக் கிடைக்கிற சில நிமிஷத் தனிமை அந்த பூத் மறைப்புக்குப் பின்னாலதான் இருக்கு. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் பூத், அதிகாரி, முகவர், மறைப்பு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, நாளை மட்டும் ஒண்ணிலிருந்து மூணாக ஆக்கலாம். பெரிய நகரங்களில் கொரியா மாதிரி சில மையங்களைத் திறக்கலாம். இதில் சிக்கல் இல்லைன்னு சொல்லலை. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிற விதியை எந்த நாளில் இருந்து கணக்கிடுறது? மூணு நாள் முகவரை உட்கார வைக்கச் சின்னக் கட்சியால் முடியுமா? இதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியவை.

நகரத்தில் வாக்குப்பதிவு குறைஞ்சா உடனே "படிச்சவங்களுக்குப் பொறுப்பில்லை, லீவு விட்டா ஊர் சுத்தப் போயிடுறாங்க"ன்னு திட்டுறோம். சிலர் அப்படித்தான், மறுக்கலை. ஆனா அடுத்த முறை அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி, அந்த நாள் அவர் கையில் இருந்துச்சான்னு ஒரு தடவை கேளுங்க. உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணனிடம் கேளுங்க. உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர்ற டெலிவரி தம்பிகிட்ட கேளுங்க. "போன தேர்தலில் ஓட்டுப் போட்டீங்களா? எந்த ஊர்ல? எப்படிப் போனீங்க?" என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதையே பேசுவோம்.